நுண்ணோவியத்தில் படைக்கருவியும் தாய்மையும்: ஒரு சொல்லாய்வு நோக்கு

'மினியேச்சர்' என்னும் சொல், சிறுமைப் பொருள் தரும் 'மினிமம்' முதலிய சொற்களோடு ஒலியால் ஒத்திருப்பினும் பிறப்பால் வேறானது. ஈயச் செந்தூரத்தைக் குறிக்கும் 'மினியம்' என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். சுவடிகளில் செந்நிறம் தீட்டுதலைக் குறித்த அச்சொல், ஒலியொப்புமையால் பின்னர்ச் சிறிய ஓவியத்தைக் குறிக்கலாயிற்று. தமிழில் வழங்கும் 'சிற்றோவியம்', 'நுண்ணோவியம்' என்னும் ஆக்கங்கள் பிற்காலப் பொருளையே தழுவியவை. அவற்றில் அளவு நிற்கிறது, செந்நிறம் மறைகிறது.

முகலாய ஓவியத்தில் துப்பாக்கி அரசப் பெருமையின் அடையாளம். 1568-இல் சித்தோர் முற்றுகையின்போது அக்பர் ஜெய்மலைச் சுட்டு வீழ்த்தும் காட்சி 'அக்பர்நாமா' ஓவியங்களுள் ஒன்று. அரசரின் துப்பாக்கிக்குச் 'சங்கிராம்' என்ற பெயரும் இருந்தது. 1569-இல் சலீம் பிறந்த காட்சியும் அந்நூலில் தீட்டப்பட்டுள்ளது; அங்குத் தாய்மை அரச மரபின் தொடர்ச்சிக்குச் சான்றாகவே நிற்கிறது.

இம்மரபு லாகூரில் புதுப்பொருள் பெற்றது. 1875-இல் மேயோ கலைப்பள்ளியாகத் தோன்றிய தேசியக் கலைக் கல்லூரியில் 1982-இல் நுண்ணோவியம் தனிப் பட்டப்பாடமாயிற்று. அங்குப் பயின்ற இம்ரான் குரேஷி, 2013-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் கூரைத் தளத்தில், குருதி தெறித்தாற்போன்ற செந்நிறத்திலிருந்து மலரிதழ்கள் விரியுமாறு தீட்டினார். மறைந்த வேர்ப்பொருள் அங்கு மீண்டது எனலாம்.

அதே கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் குடியேறிய அம்ப்ரீன் பட்டின் 'சே மை நேம்' வரிசைப் படைப்புகள் 2018-இல் வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆளில்லா விமானத் தாக்குதல்களில் மாண்ட சிறார்களின் பெயர்கள் பொறித்த தாளைக் கிழித்து, சாயமேற்றி, துண்டுதுண்டாக ஒட்டி அவற்றை அவர் உருவாக்கினார். முகலாயர் காலத்தில் படைக்கருவி பெயர் பெற்றது. இங்கு அதற்கு இரையானோர் பெயர் பெறுகின்றனர்.

இத்தலைப்பைத் தமிழாக்குவோர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். ஆங்கில ஏவல்வினை எண்ணையும் மதிப்பையும் காட்டாது. தமிழோ 'சொல்', 'சொல்லுங்கள்' என இரண்டிலொன்றைக் கேட்கிறது. பின்னது உலகோரை நோக்கிய முறையீடாகும். முன்னது மதிப்புக் குறைவாகத் தோன்றலாம். எனினும் குழந்தை தாயை ஒருமையில் விளித்தல் தமிழ் வழக்கு. 'என் பெயரைச் சொல்' என்னும்போது, காண்போர் ஒவ்வொருவரும் தாயின் இடத்தில் நிறுத்தப்படுகின்றனர். அவளால் காக்க இயலாத உயிரின் பெயரையேனும் காக்கும் கடமை அவர்களைச் சேர்கிறது. ஆதலின் ஒருமை ஏவலே இங்குப் பொருந்துவதாகும்.