இறக்கமில்லா ஏற்றம்: இந்தியக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கு

2022 மே 18 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் திடலில் ஏஎஃப்சி கோப்பைக்கான ஆட்டம் ஒன்று நடந்தது. ஐ-லீக் வெற்றியாளரான கோகுலம் கேரளா, இந்தியன் சூப்பர் லீகின் பெரிய அணிகளில் ஒன்றான ஏடிகே மோகன் பகானை 4-2 என்று வென்றது. கோகுலம் அந்த ஆண்டோடு ஐ-லீகை அடுத்தடுத்து இருமுறை வென்றிருந்தது. அந்தப் பெயரில் லீக் நடக்கத் தொடங்கிய பிறகு அப்படி வென்ற முதல் அணி அதுதான். ஆனாலும் அடுத்த பருவத்தில் அது சூப்பர் லீகில் ஆடவில்லை. ஐ-லீக் வெற்றியாளர் சூப்பர் லீகுக்கு ஏறும் விதி நடைமுறைக்கு வர இன்னும் ஓராண்டு இருந்தது.

இந்தியாவின் இரண்டாம் அடுக்கான ஐ-லீக் திடலில் உருவானதல்ல, காகிதத்தில் உருவானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் அடுக்கு இரண்டாவதாக இருப்பதற்குக் காரணம் அதில் ஆடுவோரின் திறன் குறைவு மட்டுமல்ல. மேலிருந்து தோற்றவர் இறங்கி வருவதும், வென்றவர் ஏறிப் போவதும் சேர்ந்துதான் அதை அடுக்காக்குகின்றன. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும்.

1996-இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. பஞ்சாபின் ஜேசிடி அதன் முதல் பட்டத்தை வென்றது. 2007-இல் அது ஐ-லீக் ஆயிற்று. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் பிள்ளைதான் 2014-இல் பிறந்த சூப்பர் லீக். சில ஆண்டுகள் இரண்டு லீகுகளும் அருகருகே நடந்தன. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வழிகாட்டுத் திட்டம், சூப்பர் லீக் முதலடுக்கு, ஐ-லீக் அதற்குக் கீழே என்று முடித்து வைத்தது. ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் ஒரு லீகே முழுமையாகக் கீழிறக்கப்பட்டது.

அதற்கு முந்தைய பருவத்தில் ஐ-லீகை வென்றது கோயம்புத்தூர் நேரு திடலைச் சொந்தத் திடலாகக் கொண்ட சென்னை சிட்டி. கடைசி நாள்வரை இழுபறியாகி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பெற்ற பட்டம் அது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் அந்த கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆனால் 2021-22 பருவத்தில் அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை. கிளப்பின் சொந்தக் கோளாறுகளை நான் மறுக்கவில்லை. என்றாலும் பட்டத்துக்குப் பின் மேலே போக வழியில்லை என்று தெரிந்த ஒரு லீகில் எந்த முதலீட்டாளர் பொறுத்திருப்பார்?

வழியே இல்லாமல் இல்லை; அந்த வழி திடலுக்கு வெளியே இருந்தது. பெங்களூரு எஃப்சி 2017-இல் ஏலக் கேட்பு வழியே சூப்பர் லீகுக்குப் போனது. 2020-இல் மோகன் பகான், ஏடிகேவுடன் இணைந்து நுழைந்தது. ஈஸ்ட் பெங்கால் புது முதலீட்டாளரைப் பிடித்து நுழைந்தது. 2022-23-இல்தான் பஞ்சாப், பட்டம் வென்று ஏறிய முதல் அணியானது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்டிங் ஏறியது.

2024-25 வரை ஏறியவர்கள் உண்டு, இறங்கியவர் எவருமில்லை. 2023-24 சூப்பர் லீகில் ஐதராபாத் 8 புள்ளிகளோடு கடைசியில் நின்றும் அங்கேயே தொடர்ந்தது. அதே பருவத்தில் ஐ-லீகிலிருந்து இம்பாலின் நெரோக்கா, டிராவ் ஆகிய இரு அணிகளும் கீழே அனுப்பப்பட்டன. மணிப்பூர்க் கலவரத்தால் சொந்த ஊரில் ஆட முடியாமல், பிற மாநிலத் திடல்களைத் தம் திடலாகக் கொண்டு ஆடியவர்கள் அவர்கள். இல்லாதவனிடம் கறாராகவும் இருப்பவனிடம் தயவாகவும் நடக்கும் விதியை விளையாட்டு விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறக்கத்தை எதிர்ப்போர் சொல்லும் நியாயம் எளிது. சூப்பர் லீகுக்குப் பல கோடி கட்டணம் செலுத்தி வந்தவர்களுக்கு ஒரு மோசமான பருவத்தால் இடம் போய்விடக் கூடாது என்கிறார்கள். இது வணிகத்துக்குப் பொருந்தும் வாதம். ஆனால் 2019-இன் திட்டமே 2024-25-க்குள் முழு ஏற்ற இறக்கம் வரும் என்றது. அந்தப் பருவத்தில் முகமதன் கடைசியில் முடித்தும் யாரும் இறங்கவில்லை. ஏறும் கதவைத் திறந்து இறங்கும் கதவைப் பூட்டிய பேருந்தில் கூட்டம்தான் சேரும். 2022-23-இல் 11 அணிகளோடு இருந்த சூப்பர் லீக் அடுத்தடுத்து 12, 13 என வளர்ந்தது. கீழடுக்கோ ஆண்டுதோறும் தன் சிறந்த அணியை இழந்தது. பதிலுக்கு மேலிருந்து யாரும் வரவில்லை. அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியை நிரப்பியவர்கள் பணம் கொடுத்து நேரடியாக நுழைந்த நிறுவன அணிகள். வாராணசியின் இன்டர் காசி அவற்றில் ஒன்று.

அதே இன்டர் காசிதான் 2024-25 ஐ-லீகில் எழுந்த நெருக்கடிக்கும் மையம். ஆட்டங்கள் ஏப்ரலில் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகள், இன்டர் காசி 39 புள்ளிகள். தகுதியற்ற வீரர், வீரர் மறுபதிவு என்று எழுந்த புகார்கள் கூட்டமைப்பின் குழுக்களைக் கடந்து சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம்வரை போயின. ஜூலை 18 அன்று அது இன்டர் காசியை வெற்றியாளர் என்றது. ஒரே ஓர் அணிக்கு மட்டும் ஏற்றம் என்றிருக்கும்போது முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே நிற்பது ஒரு கிளப்பின் முழு எதிர்காலம். ஒரு புள்ளிக்காகச் சுவிட்சர்லாந்துவரை போவதில் வியப்பில்லை. இரண்டு அல்லது மூன்று இடங்கள் இருந்திருந்தால் இந்த வழக்கின் சூடே வேறாக இருந்திருக்கும்.

2010-இல் போட்ட அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிந்தது. இனி எழுதப்படும் எந்த வணிக ஒப்பந்தத்திலும், கட்டணத் தொகைக்கு முன்பாக, எத்தனை அணிகள் எந்தப் பருவத்திலிருந்து கீழிறங்கும் என்பதைக் கூட்டமைப்பு எழுதிவைக்க வேண்டும்.