கம்பத்துக் கோழி ஏன் குறைவாக முட்டையிடுகிறது?

வீட்டின் பின்புறம் ஐந்தாறு கோழி வளர்ப்பவர்கள் பலருக்கும் உள்ள குறை இது: தினமும் தீனி போடுகிறோம், முட்டையைக் காணோம். இடாத கோழி என்று அறுத்துக் குழம்பு வைக்கும் முன், சிலவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

இனத்தின் இயல்பு

பண்ணை முட்டைக் கோழி ஆண்டுக்கு ஏறக்குறைய 300 முட்டை இடும். அடை கிடக்கும் குணம் அதனிடம் மிகக் குறைவு. கம்பத்துக் கோழியோ 10 முதல் 15 முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள், குஞ்சுகளோடு திரிய மேலும் ஒன்றிரண்டு மாதம். இப்படி ஆண்டுக்கு 3 அல்லது 4 சுற்றுதான் கிடைக்கும். குஞ்சு வேண்டாம், முட்டை போதும் என்றால் முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். அடை கிடக்கும் கோழியைக் கம்பி வலை அடித்தளமுள்ள கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து, 3, 4 நாள் விட்டால் பெரும்பாலும் அடை தெளியும்.

முட்டையிடுகிறதா, ஒளிக்கிறதா?

அவிழ்த்துவிட்ட கோழி வாழைக் கொல்லையிலும், வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக்கு அடியிலும் முட்டையிடும். அதைப் பாம்பு, உடும்பு, மூசாங், எலி தின்றுவிடும். சில நாள் காலை 11 மணி வரை கூட்டிலேயே அடைத்து வைத்தால் உண்மை தெரியும். வாலுக்கு அடியில், துவாரத்தின் இருபுறமும் உள்ள எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். இடையில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் இடவில்லை.

தீனி

மிஞ்சிய சோறும் சோளமும் வயிற்றை நிரப்பும், முட்டையை நிரப்பாது. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. முட்டைக் கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 விழுக்காடும், சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 விழுக்காடும் இருக்கும். இறைச்சிக் கோழித் தீவனத்தில் இவ்வளவு சுண்ணாம்பு இல்லை. நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிப் பாத்திரத்தில் வைத்தால், வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும். முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கக் கூடாது. மிகுதியான சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தண்ணீரும் வெயிலும்

முட்டையின் பெரும்பகுதி தண்ணீர்தான். நம் நாட்டு வெயிலில் கோழி வாய் திறந்து மூச்சு வாங்கினால் தீனி குறையும், முட்டையும் குறையும். நிழலில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

வெளிச்சம்

நிறைய முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. மலேசியாவில் ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதிலும் கூடு இருட்டாக இருந்தாலோ, காலையில் தாமதமாகத் திறந்தாலோ இன்னும் குறையும்.

வயதும் இறகு உதிர்தலும்

கம்பத்துக் கோழி முட்டையிடத் தொடங்க 5, 6 மாதம் ஆகும். இரண்டு வயதுக்குப் பிறகு எண்ணிக்கை படிப்படியாகக் குறையும். இறகு உதிர்க்கும் 2, 3 மாதங்களில் சத்தெல்லாம் புது இறகுக்குப் போவதால் முட்டை நின்றுவிடும். இது நோயல்ல. கொண்டை மீண்டும் சிவக்கும்போது முட்டையும் வரும்.

பேனும் நோயும்

கோழிச் செள் இரவில்தான் வெளிவரும். ஆகவே இருட்டியபின் டார்ச் அடித்து, கோழி அடையும் கழியின் அடிப்புறத்தைப் பாருங்கள். குடற்புழுவும் முட்டையைக் குறைக்கும். பூச்சி மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதை விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை திடீரென நின்று, கழுத்து முறுகல், பச்சை நிறக் கழிச்சல், அடுத்தடுத்துச் சாவு என்று கண்டால் அது வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். செத்த கோழியை ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசாமல், மற்றவற்றைப் பிரித்து வைத்து, மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிகளும் பிழைக்கும்.