அரை மணி நேரக் கட்டுரைக்குத் தலைப்பு வைப்பவர்கள்

இன்னைக்கு எபிசோட் ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்குது. என்னோட தப்புதான்.

எங்க ஊர் தென்காசி பக்கம். போன வருஷம் விடுமுறைக்குப் போயிருந்தப்போ, எனக்குப் பள்ளியில் தமிழ் எடுத்த டீச்சர் ஒரு உதவி கேட்டாங்க. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணாம, நேரம் வைத்துக் கட்டுரை எழுதப் பழக்கணும், அதுக்குப் புதுசா சில தலைப்புகள் வேணும்னு சொன்னாங்க. நம்மதான் இன்ஜினியராச்சே, உடனே லேப்டாப்பைத் திறந்தாச்சு. முப்பது நிமிஷ டைமர், பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட ஒரு அட்டவணை. ஒரே ராத்திரியில் எல்லாம் தயார்.

முதல் தலைப்பு இது: "வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா? காரணங்களுடன் எழுதுக."

என் அட்டவணையில் என்ன இருந்திருக்கும்னு நீங்களே சொல்லிடுவீங்க. பயண நேரம் மிச்சம், இன்டர்நெட் பிரச்சினை, சக ஊழியர்களோட பழக்கம் குறைவது, இந்த மாதிரி. இருபத்திரண்டு பேர் எழுதினாங்க. அதில் ஒன்பது பேர் பீடி சுற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாங்க. அம்மா இலை வெட்டுவது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குவது, வீட்டுக்குள்ள எந்நேரமும் இருக்கிற தூள் வாசம். ஒரு பொண்ணு, அம்மா எந்நேரமும் வீட்டிலேயே இருக்காங்க, ஆனா தலை நிமிர்ந்து எங்களைப் பார்க்க நேரமில்லைன்னு எழுதியிருந்தா. நான் அந்த ஒன்பது தாளுக்கும் "தலைப்பைப் புரிந்துகொள்ளவில்லை"ன்னு போட்டு, ஐந்துக்கு ஒன்று, ஒன்றரைன்னு கொடுத்து அனுப்பிட்டேன்.

டீச்சர் ராத்திரி போன் பண்ணாங்க. "தம்பி, நீ கேட்டதுக்குத்தான் பிள்ளைங்க பதில் எழுதியிருக்கு. நீ நினைச்சதுக்கு எழுதலை, அவ்வளவுதான்."

அன்னையிலிருந்து இந்த விஷயம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது. நேரம் வைத்து எழுதும் கட்டுரைக்குத் தலைப்பு வைப்பது யாருடைய வேலை, அந்த வேலையில் வேற யாரெல்லாம் சறுக்கியிருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன். இதுக்கு நல்ல பதிவு இருக்கிற இடம் அமெரிக்கா. எம்.எஸ். படிக்கலாம்னு ஆசைப்பட்டு ஜி.ஆர்.இ எழுதினப்போ, முப்பது நிமிஷக் கட்டுரைங்கிற விஷயத்தை நான் முதல்முதலா பார்த்ததும் அந்த ஊர்க்காரங்க தேர்வில்தான். அதனால இன்னைக்கு அமெரிக்கக் கதை.

1874. ஹார்வர்டு கல்லூரியில் சேர வரும் மாணவர்கள் தேர்வறையில் ஒரு சிறு ஆங்கிலக் கட்டுரை எழுத வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம், நடை, எல்லாம் சரியாக இருக்கணும். தலைப்பு எங்கிருந்து வரும்? முன்கூட்டியே அறிவித்த இலக்கிய நூல்களிலிருந்து. அந்த வருடப் பட்டியலில் ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்கள், கோல்ட்ஸ்மித்தின் ஒரு நாவல், வால்டர் ஸ்காட்டின் இரண்டு நூல்கள். பள்ளிகள் மெல்ல மெல்லத் தங்கள் ஆங்கிலப் பாடத்தையே இந்த மாதிரிப் பட்டியல்களைச் சுற்றி மாற்ற ஆரம்பித்தன.

அஞ்சு வருஷம் கழிச்சு, 1879-இல் 316 பேர் இந்தத் தேர்வை எழுதினார்கள். 157 பேர் தோல்வி, கிட்டத்தட்டச் சரிபாதி. சிறப்பாகத் தேறியவர்கள் 14 பேர்தான். ஹார்வர்டில் இந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் பழியைப் பள்ளிகள் மேல் வைத்தார்: எழுதச் சொல்லித் தருவதே இல்லை என்பது அவர் புகார். அதில் உண்மையும் இருந்திருக்கலாம். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. ஒரு நாவலின் கதாபாத்திரத்தைப் பற்றி எழுதச் சொன்னா, அந்த நாவலைப் படிக்க வசதி இருந்த பையன் ஒரு பக்கம், இல்லாத பையன் இன்னொரு பக்கம். ரெண்டு பேரில் யாருக்கு எழுத வரும்னு அந்தத் தாள் சொல்லாது.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னா முதல்ல கோடைத்தான் சந்தேகப்படுவோம். ரெண்டு மணி நேரம் தலையைப் பிய்ச்சுக்கிட்ட பிறகுதான், டெஸ்ட்டையே தப்பா எழுதி வெச்சிருக்கோம்னு தெரியும்.

அடுத்து 1901. கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனியாகத் தேர்வு வைத்துப் பள்ளிகளைப் படுத்துவதைக் குறைக்க, காலேஜ் போர்டு என்ற பொது அமைப்பு முதல் தேர்வை நடத்தியது. எழுதியவர்கள் 973 பேர். எல்லாம் கையால் எழுதும் விடைகள், ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து திருத்தினார்கள். 1926-இல் எஸ்.ஏ.டி வந்தது. அது பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, கட்டுரை கிடையாது. முதல் தடவையே 8,040 பேர் எழுதினார்கள். 1942-இல், உலகப் போர் நேரத்தில், காலேஜ் போர்டின் பழைய கட்டுரை வகைத் தேர்வுகள் நின்றுபோயின.

கட்டுரை ஏன் ஓரம் போச்சு? செலவு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 1961-இல் இ.டி.எஸ் நிறுவனத்தின் பால் டீடரிக்கும் இரண்டு சகாக்களும் எண்ணிக்கையோட காட்டினார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆங்கில ஆசிரியர்கள், அறிவியல் ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், கம்பெனி அதிகாரிகள் என்று பல துறை ஆட்கள். இப்படித்தான் மதிப்பிடணும்னு எந்த விதியும் சொல்லவில்லை. தரத்தின்படி ஒன்பது அடுக்காகப் பிரியுங்கள், அவ்வளவுதான் வேலை.

முடிவைக் கேளுங்க. 300-இல் 101 கட்டுரைகள் ஒன்பது அடுக்கிலும் விழுந்திருந்தன. அதாவது ஒரே கட்டுரையை யாரோ ஒருத்தர் தலைசிறந்ததுன்னு வைத்தார், இன்னொருத்தர் படுமோசம்னு வைத்தார். எந்தக் கட்டுரையும் ஐந்துக்குக் குறைவான அடுக்குகளில் நிற்கவில்லை. சிலர் கருத்தைப் பார்த்தார்கள், சிலர் அமைப்பை, சிலர் பிழையை, சிலர் சொல்லை, சிலர் நடையை.

1966-இல் அதே இ.டி.எஸ்-இலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. இது உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றியது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் 646 பேர். ஒவ்வொருவரும் ஐந்து கட்டுரை எழுதினார்கள். இரண்டு கட்டுரைக்கு 40 நிமிடம், மூன்றுக்கு 20 நிமிடம். ஒவ்வொரு கட்டுரையையும் ஐந்து பேர் வேகமாகப் படித்து மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டார்கள். திருத்துபவர்களைக் கூட்டினால் மதிப்பெண் மேல் நம்பிக்கை கூடுது, தலைப்புகளைக் கூட்டினாலும் கூடுது. சுருக்கமா சொன்னா, ஒரு தலைப்பு ஒரு பிள்ளையை அளக்கப் போதாது. ஒரே பிள்ளை ஒரு தலைப்பில் பின்னி எடுக்கும், இன்னொன்றில் திணறும்.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகு 2005-இல் என்ன ஆச்சு? எஸ்.ஏ.டி-யில் மறுபடி கட்டுரை கட்டாயமாக வந்தது. 25 நிமிடம், ஒரே தலைப்பு, இரண்டு திருத்துபவர்கள், ஒவ்வொருவரும் 1 முதல் 6 வரை மதிப்பெண். எம்.ஐ.டி-யில் எழுத்துப் பயிற்சி கற்பித்த லெஸ் பெரல்மன், வெளியான மாதிரிக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார். கட்டுரையின் நீளத்தை வைத்தே மதிப்பெண்ணைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட முடியும், தகவல் பிழைகளுக்கு மதிப்பெண் குறைவதில்லை என்றார். நம்ம ஊரில் அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதினவங்களுக்கு இது அதிர்ச்சியா இருக்காது.

எனக்கு ரொம்ப நெருக்கமா பட்டது 2011 மார்ச் மாதத் தேர்வு. அதில் ஒரு தலைப்பு தொலைக்காட்சி ரியாலிட்டி ஷோக்களைப் பற்றி வந்தது: இவை மக்களுக்கு நன்மையா, தீமையா? படிப்பு படிப்புன்னு டிவி பக்கமே போகாத பிள்ளைகள் கொதித்துப்போனார்கள். பார்க்காத நிகழ்ச்சியைப் பற்றி நான் என்ன எழுதறது? காலேஜ் போர்டு, தேவையான விவரம் கேள்வியிலேயே இருக்கு, எழுதும் திறமையைத்தான் பார்க்கிறோம்னு விளக்கம் சொன்னது. 1874-இல் இந்தத் தலைப்பு வைக்கிறவங்க எல்லாரும் ஸ்காட்டைப் படிச்சிருப்பாங்கன்னு நினைச்சாங்க. 2011-இல் எல்லாரும் டிவி பார்ப்பாங்கன்னு நினைச்சாங்க. நான் எல்லாருக்கும் "வீட்டிலிருந்து வேலை"ன்னா லேப்டாப்தான் ஞாபகம் வரும்னு நினைச்சேன்.

2016-இல் எஸ்.ஏ.டி கட்டுரை விருப்பத் தேர்வானது: 50 நிமிடம், கொடுத்த ஒரு பத்தியை அலசி எழுதணும். படிக்க வேண்டியது கையிலேயே இருந்ததால், முன்னாடி என்ன தெரியும்ங்கிற பிரச்சினை கொஞ்சம் குறைந்தது. 2021-இல் அதையும் பொதுவாக நிறுத்திவிட்டார்கள்.

இதுக்காகக் கட்டுரைத் தேர்வே வேண்டாம்னு நான் சொல்லலை. அந்தப் பொண்ணு எழுதின வரியை எந்த ஒரு மதிப்பெண் கேள்வியாலயும் வெளியே கொண்டுவர முடியாது. ஆனா தலைப்பு வைப்பது ஒரு ராத்திரி வேலை இல்லை. அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வு 2011-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு 30 நிமிடத் தலைப்புகள் கொடுத்தப்போ, ஒவ்வொன்றிலும் யாருக்காக எழுதுறோம், எதுக்காக எழுதுறோம்னு சொல்லியிருந்தது. ஜி.ஆர்.இ-யில் வரக்கூடிய தலைப்புகளின் பெரிய பட்டியலை இ.டி.எஸ் முன்கூட்டியே வெளியிட்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் நானும் தயார் பண்ணினேன். எனக்கு அந்த வசதியைக் கொடுத்தாங்க. நான் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலை.

இப்போ நான் செய்றது இதுதான். தலைப்பை எழுதினதும் டைமர் வைத்து நானே எழுதிப் பார்க்கிறேன். அப்புறம் வேற வகுப்பில் நாலு பிள்ளைகளிடம் தலைப்பைப் படிக்கச் சொல்லி, "உனக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது?"ன்னு மட்டும் கேட்கச் சொல்றேன். நாலு பேரும் நாலு விதமா சொன்னா, கேள்வியைத் திருத்துறேன், இல்லைன்னா நாலையும் ஏத்துக்கிற மாதிரி அட்டவணையைத் திருத்துறேன். எப்பவும் மூணு தலைப்பு, அதில் ஒன்று அவங்க விருப்பம். திருத்துவது நானும் டீச்சரும் தனித்தனியா. மதிப்பெண் ரொம்ப விலகினா போன் போட்டுச் சண்டை போடுவோம்.

அந்த ஒன்பது தாளையும் திரும்ப வாங்கித் திருத்தினேன். பழைய மதிப்பெண்ணை அடிச்சுட்டுப் புதுசு போட்டு, பக்கத்துல "கேள்வி தெளிவாக இல்லை, தவறு என்னுடையது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொண்ணுக்கு நாலரை. அரை மார்க் எங்கேன்னு டீச்சர் கேட்டாங்க. ஒற்றுப்பிழைன்னு சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு, "அது நான் சொல்லிக்கொடுக்காதது"ன்னாங்க.

உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு கட்டுரைத் தலைப்பு ஞாபகம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.