153 மீன்களும் ஒரு பள்ளிக்கூடமும்

யாழ்ப்பாணத்தில் 1905 முதல் 1907 வரை ஆங்கில அரசின் அதிகாரியாகப் பணிபுரிந்து, தமிழும் கற்ற லியோனார்ட் வுல்ஃபை நம்மில் பலர் விர்ஜினியா வுல்ஃபின் கணவராக மட்டுமே அறிவோம். அவர் படித்தது இலண்டனின் செயின்ட் பால்ஸ் பள்ளியில். விடுதிப் பள்ளிகளே பெருமைக்குரியனவாகக் கருதப்பட்ட நாட்டில், பிள்ளைகள் காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிய பள்ளி அது. வுல்ஃபைத் தொடர்ந்து சென்ற நாம் அவரை விட்டுவிட்டு, அப்பள்ளியைத் தோற்றுவித்த மனிதரிடம் போய் நின்றுவிட்டோம்.

ஜான் காலட், புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குரு. தந்தையார் ஹென்றி காலட் இலண்டன் மாநகரின் மேயராக இருமுறை இருந்தவர். பெரும் துணி வணிகர். அவருக்குப் பிறந்த 22 மக்களுள் எஞ்சியவர் ஜான் ஒருவரே. தந்தை மறைந்தபின் குடும்பச் செல்வம் முழுவதும், மணம் புரியாத இப்பாதிரியாரின் கைக்கு வந்தது. அதைக் கொண்டு 1509ஆம் ஆண்டில் பேராலயத்தின் நிழலிலேயே ஒரு பள்ளியை நிறுவினார். அதில் 153 சிறுவர்களுக்குக் கட்டணமின்றிக் கல்வி. ஏன் 153? உயிர்த்தெழுந்த இயேசுவின் சொற்படி சீடர்கள் வீசிய வலையில் 153 பெரிய மீன்கள் அகப்பட்டன என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. அக்கணக்கே இது என்பது மரபு. எந்த நாட்டுப் பிள்ளையாயினும் வேறுபாடின்றிச் சேர்க்கலாம் என்று விதியும் எழுதிவைத்தார்.

நம்மை வியக்கவைத்தது இந்தக் கொடையன்று. அதை அவர் யாரிடம் ஒப்படைத்தார் என்பதே. பேராலயத்தின் தலைமைக் குரு, தம் பள்ளியைத் திருச்சபையிடம் கொடுக்கவில்லை. ஆயரிடமும் கொடுக்கவில்லை, அரசவையிடமும் கொடுக்கவில்லை. தந்தையாரின் மெர்சர்ஸ் என்னும் துணி வணிகர் சங்கத்திடம், மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தாரிடம் கொடுத்தார். காரணத்தை அவருடைய நண்பர் எராஸ்மஸ் பதிவு செய்துள்ளார்: மனிதர் செயல்களில் உறுதியானது எதுவுமில்லை, ஆயினும் இவர்களிடம்தான் சீர்கேடு மிகக் குறைவாகக் காணப்பட்டது என்று காலட் கருதினாராம். திருச்சபையை உள்ளிருந்து கண்ட ஒருவரின் தீர்ப்பு இது. மார்ட்டின் லூதரின் பெயர் வெளியுலகம் அறியுமுன்னரே வழங்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? ஆயர் ஒருவர் இப்பள்ளியைச் சிலைவழிபாட்டு வீடு என்றே பழித்ததாகக் காலட் தம் கடிதத்தில் குறிப்பிடுகிறார். தாமஸ் மோரோ, ட்ராய் நகரத்து மரக்குதிரையிலிருந்து கிரேக்க வீரர் இறங்கியதுபோல் இப்பள்ளியிலிருந்து வெளிவருவோர் பிறர் அறியாமையை அம்பலமாக்குவதால்தான் இத்தனை பொறாமை என்று நண்பருக்கு எழுதினார்.

1518இல் காலட் வகுத்த விதிகளைப் படிப்பது சுவையான அனுபவம். பள்ளி காலை 7 மணி முதல் 11 வரை. மீண்டும் பிற்பகல் 1 மணி முதல் 5 வரை. சேரும் பிள்ளை ஒரே ஒருமுறை 4 பென்ஸ் தரவேண்டும். அக்காசு பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஏழை மாணவனுக்கு. கொழுப்பு மெழுகுவத்தி கூடாது, தேன்மெழுகு வத்தியே எரிக்கவேண்டும். சேவற்சண்டை கூடாது. இடையில் விடுமுறை அளிக்கும் தலைமையாசிரியருக்கு 40 ஷில்லிங் தண்டம். மன்னரோ ஆயரோ நேரில் வந்து வேண்டினாலன்றி விலக்கில்லை. (மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் இவரை மன்னிக்கமாட்டார்கள்.)

முதல் தலைமையாசிரியர் வில்லியம் லிலியும் பாதிரியார் அல்லர், மணமானவர். ரோட்ஸ் தீவில் கிரேக்கம் பயின்றவர். அவருடைய பெயர் தாங்கிய இலத்தீன் இலக்கணம், எட்டாம் ஹென்றியின் ஆணையால் இங்கிலாந்துப் பள்ளிகள் அனைத்துக்கும் உரிய நூலாயிற்று. ஷேக்ஸ்பியர் கற்றதும் அதுவே. எராஸ்மஸும் சொல்வளம் பற்றிய தம் நூலை 1512இல் இப்பள்ளிக்கென்றே அளித்தார்.

பக்கத்துத் தெருவிலிருந்து வந்து படித்த பிள்ளை ஜான் மில்டன். சாமுவேல் பீப்ஸ் இங்கு மாணவராக இருந்த 1649ஆம் ஆண்டில், முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டதை நேரில் கண்டார். அன்று மன்னருக்கு எதிராகத் தாம் பேசிய பேச்சு, முடியாட்சி திரும்பிய 1660இல் பழைய பள்ளித்தோழர் ஒருவருக்கு நினைவிருக்குமோ என்று அஞ்சியதை நாட்குறிப்பில் எழுதுகிறார். அவர் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தார் என்று தெரிந்தபின்தான் நிம்மதி! 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பள்ளியும் எரிந்ததை அதே நாட்குறிப்பு கூறுகிறது.

வணிகர்கள் திரும்பக் கட்டினர். ஆனால் காலட் காணாத காலம் ஒன்று வந்தது. 1884இல் பள்ளி நகரின் நடுவிலிருந்து மேற்கே ஹாமர்ஸ்மித்துக்குப் பெயர்ந்தது. கட்டணம் செலுத்தும் மாணவர் நூற்றுக்கணக்கில் சேர்ந்தனர். 153 என்பது அறக்கொடை மாணவரின் எண்ணிக்கையாகச் சுருங்கியது. அவர்கள் வெள்ளியாலான சிறு மீன் ஒன்றை அடையாளமாக அணிந்தனர். வுல்ஃபும், ஜி.கே. செஸ்டர்டனும் இக்கட்டடத்தில் படித்தவர்கள். செஸ்டர்டனின் வகுப்புத் தோழர் ஈ.சி. பென்ட்லி, பாடம் நடக்கும்போது கிறுக்கிய நாலடிக் கேலிப்பாட்டே கிளெரிஹ்யூ என்னும் தனி வகையாயிற்று. அதே கொடையிலிருந்து 1904இல் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி பிறந்தது. 395 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் மாணவர்கள் ஊர்ப்புறத்துக்கு அனுப்பப்பட, அவர்களின் கட்டடம் படைத்தலைமையகமாயிற்று. பழைய மாணவரான மாண்ட்கோமரி, நார்மண்டிப் படையெடுப்பின் திட்டத்தை 1944 மே 15 அன்று மன்னருக்கும் சர்ச்சிலுக்கும் விளக்கியது அங்கேதான். 1968இல் பள்ளி தேம்ஸ் கரையில் பார்ன்ஸுக்குக் குடிபெயர்ந்தது.

காலட்டின் கேள்விக்கு வருவோம். பிள்ளைகளை யாரிடம் நம்பி ஒப்படைப்பது? 2020 சனவரியில் வெளியான தனி ஆய்வறிக்கை ஒன்று, பல பத்தாண்டுகளாக இப்பள்ளியில் ஆசிரியர் சிலர் மாணவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதையும், பள்ளி அவர்களைக் காக்கத் தவறியதையும் விரிவாக எடுத்துரைத்தது. சிலர் சிறை சென்றனர். மில்டனையும் பீப்ஸையும் பட்டியலிட்டு மகிழும் நாம் இந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. சீர்கேடு மிகக் குறைவு என்றுதான் காலட் சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை.

இன்று இங்கு ஒரு பிள்ளையின் ஆண்டுக் கட்டணம் 30,000 பவுண்டுக்கும் மேல். இலவசமாகப் படிக்கவைக்கத் தம் செல்வத்தையெல்லாம் கொடுத்தவரின் பள்ளியில்! ஆயினும் வசதியற்ற மாணவருக்கு உதவ நிதி திரட்டப் புறப்பட்டபோது பள்ளி தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு 153 இடங்கள். தம் விதிகளின் இறுதியில் காலட் வணிகர்களுக்கு ஓர் உரிமையைத் தந்திருந்தார்: காலத்துக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம் என்று.