கப்பல் கணக்கில் வாங்கிய அடி

பகல் முழுக்க ப்ரூஃப் பார்க்கிறவனுக்கு ராத்திரியில் எழுத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். சிவகாசி அச்சகம் ஒன்றில் 22 வருஷமாக எனக்கு அதுதான் பிழைப்பு. பள்ளிக்கூட கைடு, கல்யாணப் பத்திரிகை, ஆடி பிறந்துவிட்டால் காலண்டர். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வேண்டியது ஒரு சண்டை. அதுவும் தாயம் மாதிரி, உன் முறை முடிந்தபின் என் முறை என்று நிதானமாக நடக்கிற சண்டை. பட்டனைப் படபடவென்று தட்டுகிற விளையாட்டுக்கு இந்த வயதில் விரல் ஓடாது.

அக்கா மகனிடம் சொன்னேன். "மாமா, இதை ஆடிப் பாருங்க, வேற லெவல்" என்று டிஸ்கோ எலிசியத்தை ஏற்றிக் கொடுத்தான். 2019-இல் வந்தது. உள்ளே பத்து லட்சம் சொல்லுக்கு மேல். 16 பக்க ஃபாரமாக ஓட்டினால் 200 ஃபாரம் தாண்டும். மூன்று ராத்திரி ஆடியும் சண்டை வரவில்லை. அந்த விளையாட்டில் சண்டைக்கென்று தனி ஏற்பாடே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. "கதை எப்படி மாமா?" என்றான். "ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லடா" என்றேன்.

வேறு சிலவற்றை வாங்கினேன். எழுத்து குறைவுதான், ஆனால் அடி சப்பென்று இருந்தது. கோடரியால் வெட்டினால் எதிரியின் தலைக்குமேல் ஓர் எண் கிளம்பிக் கரையும். அவனுடைய 40 உயிரில் 39 போன பிறகும் புதுமாப்பிள்ளை மாதிரி நின்று, அதே பலத்தோடு திருப்பி அடிப்பான். ஏன் இப்படி என்று துருவப்போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது. குற்றவாளி ஒரு கப்பல்.

வரைபடம், பகடை, நடுவர் என்று வைத்துக்கொண்டு முறை மாற்றிப் போர் ஆடும் வழக்கம் பிரஷ்ய ராணுவத்தில் வேர்கொண்டது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-இல் அதைச் செம்மையாக்கினார். அவர் விதிப்படி ஒரு முறை என்பது போர்க்களத்தில் 2 நிமிடம். பின்னாளில் அமெரிக்காவில் இதே வகை ஆட்டம் வீட்டுப் பொழுதுபோக்காயிற்று. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் இடைக்காலப் போருக்கென்று செயின்மெயில் என்ற விதிப் புத்தகத்தை 1971-இல் போட்டார்கள்.

மினசோட்டாவில், செயின்ட் பால் நகரத்து வீடொன்றின் நிலவறையில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் நண்பர்களைக் கூட்டிவைத்து பிளாக்மூர் என்ற ஆட்டத்தை நடத்தினார். அங்கே ஆளுக்கொரு படை கிடையாது, ஆளுக்கொரு ஆள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. செயின்மெயில் கணக்கில் அடி பட்டால் ஆள் காலி. ஆசையாக வளர்த்த ஆள் ஒரே பகடையில் போவதை நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்னசன், அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்களுக்காகத் தான் எழுதி வைத்திருந்த விதிகளை எடுத்தார். இந்தக் கப்பலுக்கு இந்தத் தரக் கவசம், இத்தனை குண்டு தாங்கும், அதற்குமேல் மூழ்கும். அந்தக் கணக்கை அப்படியே மனித உடம்பின்மேல் போட்டார். இதிலிருந்து வளர்ந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை ஆட்டம் 1974-இல் அச்சாகி வந்தபோது (முதல் அச்சு 1000 பிரதி, அச்சகக்காரன் கண் அங்கேதான் போகும்) ஹிட் பாயிண்ட் என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. நான் வெட்டிய ஆள் அசையாமல் நின்றானே, அவன் ஆள் இல்லை. இன்னும் மூழ்காத கப்பல்.

மேஜையில் ஆடியவர்களுக்கு இது குறையாகத் தெரிந்திருக்காது. முழங்கையில் பட்டது, கத்தி நழுவிற்று என்று நடுவர் வாயால் சொல்லிவிடலாம். கம்ப்யூட்டருக்கு வாய் இல்லை. அந்த இடத்தை எழுத்து பிடித்துக்கொண்டது. ஆக, என்னுடைய இரண்டு தொந்தரவும் ஒரே மேஜையிலிருந்து வந்தவை.

1981-இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு விசார்ட்ரி என்ற விளையாட்டை எழுதினார்கள். சண்டை வரிவரியாக ஓடும். வலியை அவர்கள் வைத்தது சண்டைக்குப் பிறகு. செத்தவனைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்ப் பணம் கட்டி எழுப்பலாம். பலிக்காவிட்டால் சாம்பலாவான். சாம்பலையும் எழுப்ப முடியாவிட்டால் அவன் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். நடந்ததை ஆட்டம் டிஸ்கில் எழுதிக்கொண்டே வரும், அழித்து ஆட முடியாது. தாயத்தில் பழத்துக்கு ஒரு கட்டம் இருக்கையில் காய் வெட்டுப்பட்டால் அடிவயிறு கலங்குமே, அது. ஜப்பானில் இதை விரும்பி ஆடிய யூஜி ஹோரி 1986-இல் டிராகன் குவெஸ்ட் செய்தார். அதில் நம்மேல் அடி விழுந்தால் திரையே குலுங்கும்.

கப்பலை நிஜமாக உடைத்தது, என்னைக் கேட்டால், 1997-இல் டிம் கெய்னும் கூட்டாளிகளும் இன்டர்பிளேயில் செய்த ஃபால்அவுட். துப்பாக்கியால் குறி வைத்தால் எதிரியின் உருவம் திறக்கும். கண், தலை, கை, கால், கவட்டை, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதவீதம். கையை முறித்தால் இரண்டு கை வேண்டிய துப்பாக்கியை அவன் தூக்க முடியாது. காலை முறித்தால் இழுத்து இழுத்து நடப்பான். சாவையும் படம் போட்டுத்தான் காட்டினார்கள், சிலது சாப்பிடும் நேரத்தில் பார்க்கத்தக்கதல்ல. பேச்சு நிறைய உண்டு. அதற்கு நான் கண்ட வழி, ஆளை உருவாக்கும்போது அறிவுக்கு 3 மட்டும் கொடுப்பது. அவன் உளறத்தான் செய்வான், எதிரே இருப்பவர்களும் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். பாதி வேலைகள் கைக்கு வராது. போகட்டும்.

2016-இல் கனடாவின் வான்கூவரிலிருந்து வந்த டார்கெஸ்ட் டன்ஜன் பழைய நடுவரின் வாயையே திருப்பிக் கொண்டுவந்தது. வேன் ஜூன் என்ற குரல் நடிகர், பலத்த அடி விழும்போது கனத்த குரலில் ஒரு வார்த்தை சொல்வார். படிக்க வேண்டாம், காதில் விழுந்தால் போதும். ஆனால் சண்டைக்கு நடுவே ஆட்களின் மனநோயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

இப்போது ஆடுவது பேட்டில் பிரதர்ஸ். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துச் சிறு குழு 2017-இல் முடித்துக் கொடுத்தது. ஆட்களுக்குக் காலே கிடையாது, சதுரங்கக் காய் மாதிரி மார்பளவு பொம்மைகள். ஆனால் கவசம் கிழிவது கண்ணுக்குத் தெரியும். தலைக்கவசம் வேறு, உடல் கவசம் வேறு. பலத்த அடியாக இருந்தால் எண் குறைவதோடு விடாது, காயமும் சேரும், அது ஆற நாள் பிடிக்கும். விழுந்தவன் சில நேரம் பிழைத்து எழுவான், உறுப்பு ஒன்றைக் களத்தில் விட்டுவிட்டு. கூலிக்கு ஆள் எடுத்து நாமே பெயர் வைக்கலாம். ஈட்டிக்காரன் ஒருவனுக்கு எங்கள் பக்கத்துப் பெயராக இருக்கட்டுமென்று மூக்கையா என்று வைத்தேன். நான்காவது சண்டையில் அவன் மூக்கு போயிற்று. அந்த முகத்தோடுதான் இன்றுவரை நிற்கிறான். இடையில் வரும் ஒப்பந்தப் பேச்சுகளை நான் படிப்பதில்லை, கூலித் தொகையை மட்டும் பார்ப்பேன்.

ஆட நினைக்கிறவர்கள் தொடக்கத்திலேயே அயர்ன்மேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் ஆட அது விடாது. வேண்டியவர்கள் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள். அக்கா மகன் பெயரை வைத்த வில்லாளியின் தலை இரண்டாவது சண்டையிலேயே போய்விட்டது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.