படத்துக்கு முன் ஒரு படம்

புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் நீங்கள் உலாவியிருக்கலாம். 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த பூங்கா அது. 2011 ஜனவரியில் அது சில நாட்கள் மிருகக்காட்சி சாலையாக வேடம் பூண்டது. ஆங் லீ இயக்கிய ‘லைஃப் ஆஃப் பை’ திரைப்படத்திற்காக! கதையின் பிற்பகுதியில் புதுச்சேரிச் சிறுவன் ஒருவனும் ஒரு புலியும் ஒரே படகில் நடுக்கடலில் தத்தளிக்கிறார்கள். இதை எப்படிப் படமாக்குவது?

தைவானில் சுமார் 75 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள தொட்டி கட்டி, அதில் இயந்திரத்தால் அலை எழுப்பினார்கள். அந்தத் தொட்டிக்கு முன் நின்றுகொண்டு, காமிராவை எங்கே வைக்கலாம் என்று யோசித்தால் ஒவ்வொரு மணியும் பெருஞ்செலவு. ஆகவே லீ முன்கூட்டியே கடற்காட்சிகளை ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் கணிப்பொறிச் சித்திரப் படமாகச் செய்து பார்த்துவிட்டார். படகு எங்கே, அலை எங்கே, காமிரா எங்கே என்று அதிலேயே முடிவாயிற்று. 2012-இல் வெளிவந்த படம் நான்கு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

தாளில் தொடங்கிய வழக்கம்

இவ்வாறு வெள்ளோட்டம் பார்ப்பது புதிதன்று. 1930-களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் கலைஞர்கள் கதையை வரிசையான சித்திரங்களாக வரைந்து பலகையில் குத்தி வைத்தார்கள். பிடிக்காததை எடுத்துவிட்டு வேறொன்றைக் குத்தலாம். நஷ்டம் ஒரு தாள்தான். 1955-இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’க்காகச் சத்யஜித் ராயும் காட்சிகளை முன்னதாகவே வரைந்து வைத்தார்.

புள்ளிக் குழப்பத்திலிருந்து படம்

இன்று இந்த வேலைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2022-இல் மெட்டா, கூகிள் நிறுவனங்கள் எழுத்து வர்ணனையிலிருந்து சில வினாடிப் படங்களை உருவாக்கிக் காட்டின. 2024 பிப்ரவரியில் ஓபன்ஏஐ நிறுவனம் அறிவித்த ‘சோரா’ ஒரு நிமிடப் படம்வரை தந்தது.

இதன் வேர் பௌதிகத்தில் இருக்கிறது. நீரில் விட்ட மைத்துளி விரவிக் கலைந்துவிடுகிறது அல்லவா? அந்தக் கலைதலைப் பின்னோக்கி நடத்தக் கணிப்பொறிக்குக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் 2015-இல் பிறந்தது. நிலையம் கிடைக்காத தொலைக்காட்சித் திரையைப் போன்ற புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, படிப்படியாகக் குழப்பத்தை நீக்கினால் படம் எஞ்சுகிறது. வினாடிக்கு 24 வீதம் பத்து வினாடிக்கு 240 படங்கள் வேண்டும். பல பத்துப் படிகளைச் சில படிகளாகக் குறைப்பதே விரைவுக் கருவிகளின் உபாயம். தெளிவு சற்றுக் குறையலாம். வெள்ளோட்டத்துக்கு அது போதும்.

கவனிக்க வேண்டியது

பென்சில் சித்திரத்தை யாரும் முடிந்த படம் என்று நினைக்கமாட்டார்கள். புதிய வெள்ளோட்டமோ முடிந்த படம்போலவே மினுமினுக்கிறது. ஆனால் கருவி நியூட்டன் விதிகளைக் கணக்கிட்டு அதை வரைவதில்லை. பார்த்த கோடிக்கணக்கான படங்களின் சாயலில் வரைகிறது. பிஸ்கட்டைக் கடித்த பின்னும் அதில் கடித்த தடம் இல்லாமல் போகலாம் என்று சோராவை அறிவித்தபோது அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. இதை நம்பிப் படகையும் அலையையும் திட்டமிட்டால், தொட்டியின் நீர் அதற்கு இணங்காது!

நீங்களே சோதிக்கலாம். 20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொட ஏறத்தாழ 2 வினாடி ஆகும். அதாவது 48 படங்கள். அத்தகைய காட்சி ஒன்றைக் கருவியிடம் கேட்டு வாங்கி, படங்களை எண்ணிப் பாருங்கள். நிழல்கள் ஒரே திசையில் விழுகின்றனவா என்றும் பாருங்கள். பிறகு அதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்யுங்கள்.