வால்வு மூடியும் அணையாத தீ

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த அன்பர்களுக்கு, இயந்திரத்தின் பக்கத்தில் காளான் மாதிரி இருக்கும் சிவப்புப் பொத்தானைத் தெரியும். நான் படித்த பிரெஞ்சில் அதற்கு ‘கூ த புவான்’ என்று பெயர். முஷ்டியால் ஒரு குத்து என்று பொருள். குத்தினால் இயந்திரம் நின்றுவிடும்.

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. அங்கே நிறுத்த வேண்டியது குழாயில் அழுத்தத்தோடு வரும் எரிவாயு. அவசர வால்வை ஒரு ஸ்பிரிங் எப்போதும் மூடப் பார்க்கும். காற்றழுத்தமோ எண்ணெய் அழுத்தமோ அதைத் திறந்து பிடித்திருக்கும். அழுத்தம் போனால் தானாக மூடிக்கொள்ளும். மாதக்கணக்கில் அசையாத வால்வு சிக்கிக்கொள்ளக் கூடும் என்பதால், அவ்வப்போது சிறிது அசைத்துச் சோதிப்பார்கள்.

1988 ஜூலை 6 அன்று, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்தபோது அவசர நிறுத்தம் செய்தார்கள். ஆனால் அதோடு குழாயால் இணைந்திருந்த பக்கத்து மேடைகள் உடனே நிறுத்தவில்லை. வெப்பத்தில் எரிவாயுக் குழாய்கள் பிளந்தன. 167 பேர் மாண்டார்கள். 1990இல் வெளிவந்த கல்லன் பிரபுவின் அறிக்கை 106 பரிந்துரைகளைச் சொன்னது.

நம் நாட்டிலும் நடந்தது. 2005 ஜூலை 27, மும்பை பெருவெள்ளத்துக்கு மறுநாள். மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, ஓ.என்.ஜி.சி.யின் மும்பை ஹை வடக்கு மேடை. விரலில் காயம்பட்ட ஒரு சமையல்காரரை மேடையில் சேர்க்க ‘சமுத்ரா சுரக்ஷா’ என்ற கப்பல் நெருங்கியது. அலையின் வேகத்தில் கப்பல், கடலடியிலிருந்து மேலேறும் எரிவாயுக் குழாய்கள் மீது மோதியது. இரண்டு மணி நேரத்தில் மேடையே தீக்கிரையானது. 22 பேர் இறந்தார்கள். 362 பேர் மீட்கப்பட்டார்கள்.

குழாய்களின் முனையில் அவசர வால்வுகள் இருந்தன. ஆனால் சில குழாய்கள் 12 கிலோமீட்டர் வரை நீளமானவை. வால்வுக்கு இப்பால் குழாய் உடைந்தால், அதிலிருக்கும் வாயு முழுவதும் எரிந்துதானே ஓயும்?

நம் வீட்டு அடுப்பிலும் இதே கணக்குதான். அடுப்புத் திருகை மட்டும் மூடிவிட்டுப் படுத்தால், ரப்பர் டியூப் கிழிந்தால் என்ன ஆகும்? அதனால்தான் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடச் சொல்கிறார்கள். வால்வு வேலை செய்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.